டக்ளஸ் சொன்னார், லாயிட் சுமந்தார்

டொரொண்டோவில் இருக்கும் என் சித்தப்பாவுக்குப் போன வருடம் இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரி வாசம். போனில் நலம் விசாரித்து முடித்ததும், நம்மூர்ப் புத்தி சும்மா இருக்குமா, "பில் எவ்வளவு சித்தப்பா ஆச்சு?" என்று கேட்டேன். சிரித்தார்.

"பில்லா? சித்தி காரை நிறுத்தினதுக்குக் கொடுத்த பார்க்கிங் காசுதான்டா மொத்தச் செலவு. ஹெல்த் கார்டைக் காட்டினேன், அவ்வளவுதான். எல்லாம் டாமி டக்ளஸ் புண்ணியம்."

அதற்கு முந்தைய மாதம்தான் எங்கள் வீட்டில் ஒரு ஆஸ்பத்திரி பில்லுக்காக அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போயிருந்தது. அதனால் சித்தப்பா சாதாரணமாகச் சொன்னது எனக்கு மனசில் தைத்துவிட்டது. யார் இந்த டாமி டக்ளஸ் என்று தேட ஆரம்பித்தேன். சில வாரம் படித்த பிறகு புரிந்தது, சித்தப்பா சொன்னது பாதிக் கதைதான். மீதிப் பாதிக்கு உரியவர் பெயர் கனடாவிலேயே நிறையப் பேருக்குத் தெரியாது. உட்ரோ லாயிட். 1944இல் முதல்முறை தேர்தலில் ஜெயித்து, டக்ளஸின் பின்னால் நின்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியார். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. ஆனால் டக்ளஸிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால், அந்த ஊரிலிருந்து.

டாக்டரைச் சம்பளத்துக்கு வைத்த ஊர்கள்

கனடாவின் நடுப்பகுதியில், அமெரிக்க எல்லையை ஒட்டி இருக்கும் மாகாணம் சஸ்காச்சுவான். கண்ணுக்கு எட்டிய தூரம் கோதுமை வயல். மக்கள்தொகை 1940களில் சுமார் 9 லட்சம். நம் கணக்கில் ஒரு மாவட்டம் கூட இல்லை. ஆனால் பரப்பளவு தமிழ்நாட்டைப் போல நாலைந்து மடங்கு. ஒரு பண்ணை வீட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே மைல் கணக்கில் வெட்டவெளி, குளிர்காலத்தில் பனி. இப்படிப்பட்ட இடத்தில் எந்த டாக்டர் வந்து கடை விரிப்பார்? வந்தாலும் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? விளைச்சல் இல்லாத வருடம் யாரிடமும் காசு இருக்காது. டாக்டர் மூட்டை கட்டிவிடுவார்.

முதல் உலகப் போர் காலத்தில் சார்னியா என்ற ஊராட்சியில் இப்படி ஒரு டாக்டர் கிளம்பும் நிலை வந்தது. ஊராட்சிக்காரர்கள் கூடிப் பேசி, வருடத்துக்கு 1,500 டாலர் தருகிறோம், இருங்கள் என்று அவரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வரிப்பணத்திலிருந்து டாக்டருக்குப் பணம் கொடுக்கலாமா? சட்டத்தில் இடமில்லை. கொஞ்ச நாளில், 1916இல், மாகாண அரசு சட்டத்தைத் திருத்தி இடம் கொடுத்தது. அதன்பிறகு ஊர் ஊராக 'ஊராட்சி டாக்டர்' வந்தார்கள். பக்கத்து ஊராட்சிகள் சேர்ந்து பொதுவில் ஆஸ்பத்திரி கட்டிக்கொள்ளவும் வழி பிறந்தது. 1929இல் காசநோய்க்குச் சிகிச்சை முழுக்க இலவசம் என்று அந்த மாகாணம் அறிவித்தது.

இதைக் கவனிக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் யாரும் மார்க்ஸைப் படித்துவிட்டு இதைச் செய்யவில்லை. ஒருவரால் முடியாததைப் பத்துப் பேர் சேர்ந்து செய்வோம் என்ற சம்சாரிக் கணக்குதான். கோதுமையைக் கூட்டுறவில் விற்றவர்கள், டாக்டரையும் கூட்டாக வைத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த பெரிய திட்டம் விதை போட்டது இந்த நிலத்தில்தான்.

ஒரு பையனின் முழங்கால்

டாமி டக்ளஸ் 1904இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சின்ன வயதில் கீழே விழுந்து முழங்காலில் அடி. அது எலும்புக்குள் சீழ் பிடிக்கும் நோயாக மாறி, விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. குடும்பம் கனடாவின் வின்னிபெக் நகருக்குக் குடிபெயர்ந்த பிறகும் தீரவில்லை. அப்பா இரும்பு வார்ப்படத் தொழிலாளி. பெரிய டாக்டரிடம் போக வசதியில்லை. காலை வெட்டிவிட வேண்டும் என்ற நிலை வந்தபோது, ஒரு பெயர்பெற்ற எலும்பு மருத்துவர் பையனைப் பார்த்தார். தன் மாணவர்கள் கூட நின்று பார்த்துக் கற்றுக்கொள்ள பெற்றோர் சம்மதித்தால், காசு வாங்காமல் செய்கிறேன் என்றார். கால் பிழைத்தது. அந்தக் கால்களோடு பையன் பின்னாளில் குத்துச்சண்டை மேடை ஏறி, மனிட்டோபா மாகாணத்தில் தன் எடைப் பிரிவில் சாம்பியன் ஆனான்.

சாதாரணமாக இந்தக் கதையை நாம் எப்படி முடிப்போம்? 'அந்த டாக்டர் தெய்வம் மாதிரி' என்று முடிப்போம். டக்ளஸ் வாழ்நாள் முழுக்க இதை மேடையில் சொன்னார், ஆனால் அப்படி முடிக்கவில்லை. டாக்டர் மீது அவருக்கு நன்றி நிறைய. ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு. அந்த டாக்டர் அன்றைக்கு அந்த வார்டு பக்கம் வராமல் போயிருந்தால்? ஒரு பையனின் கால் இருப்பதும் போவதும் அதிர்ஷ்டத்தையும் ஒருவரின் தயவையும் நம்பியா இருப்பது?

அச்சகத்தில் வேலை பழகி, பிறகு படித்து, 1930இல் சஸ்காச்சுவானின் வேபர்ன் என்ற சிற்றூரில் பாப்டிஸ்ட் சபைப் போதகராக வந்து சேர்ந்தார். வந்த நேரம் பார்க்க வேண்டுமே! உலகப் பொருளாதார வீழ்ச்சி ஒரு பக்கம், மழை பொய்த்து வயல் மண் புழுதியாகக் கிளம்பிப் பறந்தது இன்னொரு பக்கம். பிரசங்கம் செய்தால் மட்டும் போதாது என்று அரசியலுக்கு வந்தார். விவசாயிகளும் தொழிலாளர்களும் சேர்ந்து 1932இல் தொடங்கிய சிசிஎஃப் என்ற புதுக் கட்சியில் சேர்ந்து, 1935இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். பிறகு மாகாண அரசியலுக்குத் திரும்பி, 1944 ஜூன் 15 அன்று நடந்த தேர்தலில் 52 இடங்களில் 47ஐப் பிடித்தார். வட அமெரிக்காவின் முதல் சோஷலிச அரசு என்று இதைச் சொல்வார்கள்.

புதிதாக வந்த வாத்தியார்

அந்த 47 பேரில் பெரும்பாலோர் சட்டசபையை முதல்முறை பார்க்கிறவர்கள். அதில் ஒருவர் பிக்கர் தொகுதியில் ஜெயித்த உட்ரோ லாயிட். 1913இல் வெப் என்ற ஊர்ப் பக்கம் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர், தலைமையாசிரியர், மாகாண ஆசிரியர் சங்கத்தின் தலைவர். டக்ளஸ் அவரை நேராகக் கல்வி அமைச்சராக்கினார். பதவி ஏற்றபோது 31 வயது நிறைய இன்னும் சில நாள் பாக்கி.

இரண்டு பேருக்கும் குணம் ஏணி வைத்தாலும் எட்டாது. டக்ளஸ் மேடை ஏறினால் கூட்டம் சிரிக்கும், கண் கலங்கும், கடைசியில் கை தட்டும். லாயிட் அதிகம் பேச மாட்டார். பேசினால் பாடம் நடத்துகிற மாதிரி இருக்கும். தலைவரைப் பார்த்து 'ஆமாம்' போடுவதுதான் ஆதரவு என்றால், அதற்கு அவர் லாயக்கில்லாத ஆள். அவர் கொடுத்த ஆதரவு வேறு மாதிரி. ஆளுக்குப் பிடிக்காத வேலையை எடுத்துச் செய்வது.

அப்போது மாகாணத்தில் சுமார் 5,000 குட்டிக் குட்டிப் பள்ளி வட்டாரங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளி, ஒரு நிர்வாகக் குழு. பல ஊர்களில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கவே வழியில்லை. இவற்றைச் சேர்த்துப் பெரிய வட்டாரங்களாக்க வேண்டும் என்பது திட்டம். 'எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தை எங்ககிட்டேருந்து பிடுங்குறியா' என்று ஊர் சண்டைக்கு வராதா? வந்தது. கூட்டம் கூட்டமாகப் போய், திட்டு வாங்கி, விளக்கம் சொல்லி, விடாமல் செய்து முடித்தார் லாயிட். கல்வித் துறையில் மட்டும் 16 வருடம் இருந்தார். பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது, 1962க்கான பயிற்சி அவருக்கு இங்கேதான் கிடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

டக்ளஸ் சுகாதாரத் துறையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். மருத்துவ வரலாற்று அறிஞர் ஹென்றி சிகரிஸ்டை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து வரவழைத்து, சில வாரங்களில் மாகாணம் முழுக்கப் பார்த்து அறிக்கை தரச் சொன்னார். 1946 ஜூலையில் ஸ்விஃப்ட் கரன்ட் வட்டாரத்தில் எல்லாருக்கும் டாக்டர் செலவை ஈடுகட்டும் திட்டம் ஒன்று தொடங்கியது. லாயிட் பிறந்த வெப் இந்தப் பக்கம்தான். 1947 ஜனவரி 1 முதல் மாகாணம் முழுவதுக்கும் ஆஸ்பத்திரிக் காப்பீடு. வருடத்துக்கு ஆளுக்கு 5 டாலர், குடும்பத்துக்கு அதிகபட்சம் 30 டாலர். கட்டிவிட்டால் ஆஸ்பத்திரிப் படுக்கைக்குத் தனியாகக் காசு கிடையாது.

இதில் ஒரு நுணுக்கம். இது ஆஸ்பத்திரிச் செலவு மட்டும். டாக்டருக்குக் கொடுக்கும் ஃபீஸ் இதில் சேராது. அதனால்தான் டாக்டர்கள் இதைப் பெரிதாக எதிர்க்கவில்லை. ஆஸ்பத்திரி பாக்கி இல்லாத நோயாளி தங்கள் ஃபீஸையாவது கொடுப்பார் அல்லவா! அந்த ஃபீஸையும் திட்டத்துக்குள் கொண்டுவரத் தேவையான பணம் மாகாணத்திடம் இல்லை. மத்திய அரசு 1957இல் சட்டம் போட்டு, 1958லிருந்து ஆஸ்பத்திரிக் காப்பீட்டுச் செலவில் ஏறக்குறைய பாதியை ஏற்றுக்கொண்டது. மாகாணத்தின் கையில் காசு மிஞ்சியது.

ஐந்தாவது நிபந்தனை

1959 டிசம்பரில் டக்ளஸ் வானொலியில் அறிவித்தார். இனி டாக்டர் செலவுக்கும் காப்பீடு, எல்லாருக்கும். ஐந்து கொள்கைகளையும் சொன்னார். பணத்தை முன்கூட்டியே கட்டுவது. எல்லாரையும் சேர்ப்பது. தரமான சிகிச்சை. சட்டசபைக்குப் பதில் சொல்லும் ஒரு பொது அமைப்பு நடத்துவது. ஐந்தாவது, சேவையைப் பெறுகிறவர்களும் தருகிறவர்களும் ஏற்றுக்கொள்ளும் வடிவில் திட்டம் இருப்பது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த ஐந்தாவதை நிதானமாகப் படியுங்கள். 'தருகிறவர்கள் ஏற்றுக்கொள்ளும் வடிவில்.' அப்படியென்றால் டாக்டர்கள் ஏற்றுக்கொள்ளாவிட்டால்? டக்ளஸ் இதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் எதிராளி கையில் ஒரு கதவுச் சாவியைக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. டாக்டர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் ஏற்கவில்லை, ஆகவே நீங்கள் சொன்ன வாக்குப்படியே திட்டம் செல்லாது என்றார்கள்.

டாக்டர்களை வில்லனாக்கிவிட்டால் கதை சுலபமாக இருக்கும். ஆனால் அது நியாயமாக இருக்காது. அவர்களில் கணிசமானவர்கள் பிரிட்டனிலிருந்து, அங்கே வந்த அரசு மருத்துவ முறை பிடிக்காமல் கடல் தாண்டி வந்தவர்கள். இங்கேயும் அதே கதையா என்று பயந்தார்கள். யாரிடம் என்ன சிகிச்சை, எவ்வளவு ஃபீஸ் என்பதில் நாளைக்கு ஒரு அரசு அதிகாரி மூக்கை நுழைத்தால் என்ன செய்வது என்ற கவலை உண்மையானது. போதாக்குறைக்கு, சஸ்காச்சுவானில் டாக்டர்களுக்கு உரிமம் தருவதும் அவர்களுக்காகப் பேரம் பேசுவதும் ஒரே சங்கம். ஒருவர் தனியாகப் பிரிந்து அரசோடு பேசுவது லேசான காரியமில்லை.

1960 ஜூன் தேர்தலில் டக்ளஸ் இந்தத் திட்டத்தையே முன்வைத்து நின்றார். டாக்டர்கள் பணம் திரட்டி எதிர்ப்பிரசாரம் செய்தார்கள். டக்ளஸ் ஜெயித்தார். மக்கள் தீர்ப்பு கிடைத்துவிட்டது, இனி என்ன?

இனிதான் திருப்பம். 1961 ஆகஸ்டில் சிசிஎஃப் கட்சியும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நாடு தழுவிய புதுக் கட்சி ஒன்று உருவானது. என்டிபி. தலைவராக டக்ளஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் மாகாண முதல்வர் பதவியை விட்டு மத்திய அரசியலுக்குப் போனார். 1961 நவம்பர் 7 அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் லாயிட். பத்தாவது நாள், நவம்பர் 17 அன்று, மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது.

பேர் டக்ளஸுடையது, வாக்கு டக்ளஸுடையது, ஐந்தாவது நிபந்தனையும் டக்ளஸுடையது. கணக்குத் தீர்க்க வேண்டியவர் மட்டும் லாயிட்.

பால்ரூமில் ஒரு மத்தியானம்

திட்டம் 1962 ஏப்ரல் 1 அன்று தொடங்க வேண்டியது. பேச்சுவார்த்தை நகராததால் ஜூலை 1க்குத் தள்ளிப்போனது. ஒருவருக்கு வருடம் 12 டாலர், குடும்பத்துக்கு 24 டாலர். மீதி வரியிலிருந்து.

மே 3 அன்று ரெஜைனா நகரின் ட்ரையனான் பால்ரூமில் மாகாண டாக்டர்கள் கூடினார்கள். லாயிட் நேரில் போய்ப் பேசினார். அவர் போகாமல் இருந்திருக்கலாம். அமைச்சரை அனுப்பியிருக்கலாம், ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். போனார். நூற்றுக்கணக்கான டாக்டர்கள் நிறைந்த அரங்கில் தன் பாணியில், வகுப்பெடுக்கிற மாதிரி, அரசின் நிலையை எடுத்துச் சொன்னார். கூச்சல் போட்டார்கள், கேலி செய்தார்கள். அவர் பேசி முடித்த பிறகு சங்கத் தலைவர், இந்தச் சட்டத்தின் கீழ் வேலை செய்ய மாட்டோம் என்பவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார். அரங்கம் கிட்டத்தட்ட முழுவதும் எழுந்து நின்றது.

ஒரு பழைய பள்ளிக்கூட வாத்தியார், மாகாணத்திலேயே அதிகம் படித்த, அதிகம் மதிக்கப்பட்ட மனிதர்கள் அத்தனை பேரும் தனக்கு எதிராக எழுந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு மேடையில் இருக்கிறார். அந்தக் காட்சியை என்னால் எளிதில் தாண்டிப் போக முடியவில்லை.

அந்த மாதமே, முந்தைய சுகாதார அமைச்சர் கட்சியை விட்டு விலகினார். ஜூன் 18 அன்று நாடாளுமன்றத் தேர்தல். புதுக் கட்சியின் தலைவரான டக்ளஸ் ரெஜைனாவில் நின்று, பெரிய வித்தியாசத்தில் தோற்றார். சொந்த மாகாணத்தில், திட்டம் தொடங்குவதற்குப் பதின்மூன்று நாள் முன்பு. வேறு யாராவது முதல்வராக இருந்திருந்தால், 'இன்னும் ஆறு மாதம் பார்ப்போம்' என்று சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொன்ன திட்டங்கள் எத்தனை செத்துப்போயின என்பது நமக்குத் தெரியாததா?

இருபத்து மூன்று நாள்

ஜூலை 1. திட்டம் தொடங்கியது. அன்றே டாக்டர்கள் தங்கள் கிளினிக்குகளை மூடினார்கள். சில ஆஸ்பத்திரிகளில் மட்டும் அவசர சிகிச்சை. ஒரு மாகாணத்தின் டாக்டர்கள் ஏறக்குறைய மொத்தமாக வேலையை நிறுத்தியது வட அமெரிக்காவில் அதற்குமுன் நடக்காதது. அமெரிக்கா, பிரிட்டன் எல்லாம் நிருபர்களை அனுப்பின. ஏனென்றால் அதே சமயம் அமெரிக்காவில் முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டுக்காக அதிபர் கென்னடி போராடிக்கொண்டிருந்தார். சஸ்காச்சுவானில் யார் ஜெயிக்கிறார்கள் என்பது அவர்களுக்கும் முக்கியம். ஜூலை 17 அன்று அமெரிக்க செனட்டில் கென்னடியின் திட்டம் 52க்கு 48 என்று தோற்றது.

முதல் நாளே ஒரு துக்கம். காய்ச்சலில் துவண்ட ஒரு கைக்குழந்தையைப் பெற்றோர் காரில் போட்டுக்கொண்டு டாக்டரைத் தேடி ஓடினார்கள். வழியிலேயே குழந்தை போய்விட்டது. டாக்டர்கள் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்பதைச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு பக்கமும் அந்தக் குழந்தையின் சாவை மறுபக்கத்தின் மேல் போட்டன. இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கொள்கை சரிதான், பிடிவாதமும் சரிதான், அதன் விலையை யாரோ ஒரு தாய் கொடுக்கிறாள் என்றால்? லாயிட் அந்த ராத்திரி தூங்கியிருப்பாரா?

'எங்கள் டாக்டர்களைக் காப்பாற்றுங்கள்' என்று குழுக்கள் கிளம்பின. ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள், குடும்ப டாக்டர் ஊரை விட்டுப் போய்விடுவாரோ என்று உண்மையாகவே பயந்தவர்கள். எதிர்க்கட்சியும் வியாபாரிகளும் அதன் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். ஜூலை 11 அன்று சட்டசபைக் கட்டடத்தின் முன் மாபெரும் பேரணி. பல்லாயிரக்கணக்கில் வருவார்கள் என்று சொல்லப்பட்டது. வந்தது நாலைந்தாயிரம் பேர்தான். அதே நாள் எதிர்க்கட்சித் தலைவர் ராஸ் தாட்சர், சட்டசபையை உடனே கூட்டு என்று, பூட்டிய சபைக் கதவைக் காலால் உதைத்தார். புகைப்படக்காரர்கள் காத்திருந்தார்கள். அந்தப் படம் அவருக்கு நல்லது செய்யவில்லை.

இன்னொரு பக்கம், திட்டத்தை விரும்பிய மக்களும் சும்மா இருக்கவில்லை. சஸ்கட்டூன், ரெஜைனா, பிரின்ஸ் ஆல்பர்ட் நகரங்களில் தாங்களே பணம் போட்டுக் கூட்டுறவு மருத்துவ நிலையங்கள் திறந்தார்கள். பிரிட்டனிலிருந்து டாக்டர்கள் விமானத்தில் வந்து இறங்கினார்கள். உள்ளூரிலும் சில டாக்டர்கள் சக மருத்துவர்களின் ஏச்சைத் தாங்கிக்கொண்டு அங்கே வேலை பார்த்தார்கள். அன்றைக்கு ஊராட்சி டாக்டரைப் பிடித்து வைத்த அதே கூட்டுறவுப் புத்தி, ஐம்பது வருடம் கழித்துத் திரும்பவும் வேலை செய்தது.

லாயிட் இந்த இருபத்து மூன்று நாளும் குரலை உயர்த்தவில்லை. டாக்டர்களைத் துரோகிகள் என்று திட்டவில்லை. அவர்களைச் சிறையில் போடு, உரிமத்தைப் பறி என்று கிளம்பவில்லை. சட்டம் சட்டம்தான், அதை எடுக்க மாட்டேன். நடைமுறையில் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்ற ஒரே இடத்தில் நின்றார்.

கூலி ஒரு மீன்பிடிப் பயணம்

நடுவராக வந்தவர் பிரிட்டிஷ் டாக்டர், லார்ட் ஸ்டீபன் டெய்லர். இவரும் ஒரு சுவாரசியமான ஆள். 1945 பிரிட்டிஷ் தேர்தலில் லேபர் கட்சி சார்பில் முதல்முறை ஜெயித்து நாடாளுமன்றத்துக்குள் வந்தவர். அந்த அரசுதான் அங்கே எல்லாருக்குமான தேசிய மருத்துவ சேவையைக் கொண்டுவந்தது. ஆக, அரசியல்வாதி பாஷையும் தெரியும், டாக்டர் பாஷையும் தெரியும். ஃபீஸ் எதுவும் வேண்டாம், முடிந்ததும் ஒரு மீன்பிடிப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தால் போதும் என்றார்.

டாக்டர்கள் அமைச்சரவையோடு ஒரே அறையில் உட்கார விரும்பவில்லை. டெய்லர் இரண்டு இடத்துக்கும் மாறி மாறி நடந்தார். ஜூலை 23 அன்று சஸ்கட்டூன் ஒப்பந்தம் கையெழுத்தானது. திட்டம் எல்லாருக்கும் கட்டாயம், அது மாறாது. ஆனால் டாக்டர்கள் அரசுச் சம்பளக்காரர்களாக வேண்டாம், பார்த்த சிகிச்சைக்கு ஃபீஸ். திட்டத்துக்கு வெளியே நின்று நோயாளியிடமே பில் கொடுக்கவும் வழி. நோயாளி அதைக் காட்டி அரசிடம் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

அதாவது டக்ளஸின் ஐந்தாவது நிபந்தனை, கடைசியில் நிறைவேறியே விட்டது. தருகிறவர்களும் ஏற்றுக்கொள்ளும் வடிவம். என்ன, அதற்கு ஒரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. லாயிட் விட்டுக்கொடுத்தது கொஞ்சம் இல்லை. டாக்டர்களைச் சம்பளத்தில் வைத்து நோய்த் தடுப்பையே மையமாக்க வேண்டும் என்று கனவு கண்ட அவர் கட்சிக்காரர்களுக்கு இது ஏமாற்றம். கனடா மருத்துவம் இன்றைக்கும் ஃபீஸ் முறையில் ஓடுவதற்கும், அதன் சில குறைகளுக்கும் வேர் இந்த ஒப்பந்தத்தில் உண்டு. ஆனால் 'எல்லாரும்' என்ற சொல்லை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஒரு சொல்லைக் காப்பாற்ற மற்றதையெல்லாம் பேரத்தில் வைத்தார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

கணக்கு

1964 ஏப்ரலில் மாகாணத் தேர்தல். ஓட்டு எண்ணிக்கையில் இரு கட்சியும் கிட்டத்தட்ட சமம், ஆனால் இடங்கள் லிபரல்களுக்கு. லாயிட் ஆட்சியை இழந்தார். இருபது வருட சிசிஎஃப் ஆட்சி முடிந்தது. முதல்வரானவர் யார்? கதவை உதைத்த அதே ராஸ் தாட்சர்.

அவர் திட்டத்தை ரத்து செய்தாரா? இல்லை. செய்ய முடியவில்லை. இரண்டே வருடத்தில் ஜனங்களுக்கு அது பழகிவிட்டது. டாக்டர்களுக்கும்தான், பில் கட்டாத நோயாளி என்ற தொல்லையே இல்லையே! 1968இல் தாட்சர் ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கவும் ஒரு சிறு கட்டணம் வைத்துப் பார்த்தார். 1971இல் அவர் தோற்றதும் அதுவும் போனது. அதை எடுத்தவர் ஆலன் பிளேக்னி. 1960 தேர்தலில் முதல்முறை ஜெயித்து வந்து, லாயிட்டின் அமைச்சரவையில் சுகாதார அமைச்சராக இருந்தவர். லாயிட் டக்ளஸுக்குச் செய்ததை, இவர் லாயிட்டுக்குச் செய்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

1964 கோடையில் எம்மெட் ஹால் என்ற நீதிபதியின் தலைமையிலான தேசிய ஆணையம், இதே மாதிரித் திட்டம் நாடு முழுக்க வேண்டும் என்றது. ஹாலும் சஸ்காச்சுவான்காரர். 1966இல் சட்டம், 1968 ஜூலை 1 முதல் நடைமுறை. என் சித்தப்பா இருக்கும் ஒண்டாரியோ 1969இல் சேர்ந்தது. 1972க்குள் எல்லா மாகாணங்களும் உள்ளே.

2004இல் கனடா தொலைக்காட்சி ஒன்று நடத்திய வாக்கெடுப்பில் 'மாபெரும் கனடியர்' என்று டாமி டக்ளஸை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். நியாயம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. அந்தக் கனவு அவருடையது. லாயிட் 1970இல் கட்சித் தலைமையிலிருந்து விலகி, ஐநா வளர்ச்சித் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, 1972 ஏப்ரலில், சொந்த மண்ணிலிருந்து வெகுதூரத்தில், தென்கொரியாவின் சோல் நகரில் காலமானார். 58 வயது.

நாம் அரசியலைப் படிக்கும் விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. திட்டத்தை அறிவித்தவர் படம் சுவரில் ஏறும். அது அறிவிப்பிலிருந்து ஆஸ்பத்திரிக் கவுண்டர் வரை வந்து சேர்ந்தது எப்படி, நடுவில் யார் யார் திட்டு வாங்கினார்கள், யார் பதவி போனது என்று யாரும் கேட்பதில்லை. புதிதாகத் தேர்தலில் ஜெயித்து வருகிறவர்கள் எல்லாரும் முதல் பேட்டியில் தலைவருக்கு நன்றி சொல்கிறார்கள், தொகுதிக்கு நல்ல ஆஸ்பத்திரி வேண்டும் என்கிறார்கள். தப்பில்லை. ஆனால் தலைவர் வேறு வேலைக்குப் போன பிறகு, அரங்கம் முழுக்க எதிராக எழுந்து நிற்கும்போது, அதே வார்த்தையை அவர்கள் திரும்பச் சொல்வார்களா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

போன வாரம் சித்தப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த ஆள் பேரை நான் கேள்விப்பட்டதே இல்லையேடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவர் பேர் என்ன சொன்னே, இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டார்.